காப்புக் கட்டிய காய நோட்டு

வீரபாண்டி அம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாயிற்று என்ற சேதி வந்ததும், தேனியில் பெரியகுளம் ரோட்டிலிருந்த அந்தப் பருத்தி ஜின்னிங் மில்லில் நோட்டுக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். மனிதர்களுக்குக் காப்புக் கட்டுவது ஊரறிந்த விஷயம். ஆத்தாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன், ஆயிரங்கண் பானை எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, திருவிழா முடிகிறவரை சுத்தபத்தமாக இருப்பார்கள். நோட்டுக்கு எதற்கு காப்பு? அது காய நோட்டு. மில்லில் யாருக்கு அடிபட்டது, எந்த மிஷினில், எந்த விரலில் என்று எழுதிவைக்கிற நோட்டு. திருவிழா முடிகிற மட்டும் அது சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள் கயிறு சுற்றி, முதலாளி அறையில் அம்மன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். அந்த நாட்களில் அந்த மில்லில் யாருக்கும் அடியே படாது. பட்டாலும் படாததுதான்.

நல்ல கூத்து என்று தோன்றும். ஆனால் அந்த நோட்டை எழுதுகிற கிருபாவதிக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருந்ததில்லை.

கிருபாவதி போடிக்காரி. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சுப் படிப்புக்குச் சேர்ந்து, பாதியில் அப்பா செத்துப்போய், படிப்பை விட்டுக் கல்யாணம் கட்டியவள். கட்டிய ஜேசுராஜும் ஏலக்காய்க் கோடவுனில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கைப்பிள்ளையோடு நின்றவளுக்கு மில்லில் முதலுதவி அறை வேலை கிடைத்தது. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, டிங்சர் பாட்டில், பஞ்சு, கட்டுத் துணி, அந்த நோட்டு. மகள் வளர்ந்து கம்பம் ஊருக்கு வாக்கப்பட்டுப் போன பிறகும் அதே மேசை, அதே பெஞ்சு. முழங்கால் வலி மட்டும் புதிது.

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜின் ஓட்டுகிற பெண்களுக்கு அவள் நர்சக்கா. அவளும் அவர்களை முகத்தை வைத்து நினைவில் வைத்துக்கொண்டதில்லை. பஞ்சு தூசிக்கு மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு முகம் ஏது? கைதான். நகம் பிய்ந்தவள், நுனி சப்பையானவள், கத்தி கீறிய தழும்பு குறுக்கே ஓடுகிறவள். பருத்தியை ரோலருக்குள் தள்ளிவிடுகிற வேலை. ரோலர் பஞ்சை இழுக்கும், கத்தி கொட்டையைத் தட்டிவிடும். இரண்டுக்கும் பஞ்சு எது, விரல் எது என்கிற பேதமில்லை. வருசக்கணக்காக இதையே எழுதி எழுதி அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கண்ணை மூடினாலும் விரல்கள்தான் வந்து நிற்கும். கர்த்தரே, எனக்கு வேற வேலை குடுக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லவில்லை.

சலித்தாலும் நோட்டை மட்டும் அவள் சோடை போக விட்டதில்லை. ஏனென்றால் அந்த மில்லில் எல்லாமே அந்த நோட்டுதான். முதலாளி வைகுண்டராஜ் தொழிலாளிகளுக்கு இன்சூரன்ஸ் எடுக்காதவர். ஏஜெண்டு ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அவள் காது கேட்கவே சொன்னார்: "எவனோ மெட்ராஸ்காரனுக்கு நான் எதுக்குய்யா மாசாமாசம் கட்டணும்? எம் மில்லுல அடிபட்டா நான் குடுத்துட்டுப் போறேன். நோட்டுல பேரு இருந்தாச் சரி." சொன்னபடி கொடுக்கவும் செய்தார். படுத்திருந்த நாளுக்குக் கூலி, போன விரலுக்குச் சட்டம் சொல்கிற நஷ்டஈடு, எதிலும் குறை வைத்ததில்லை. மாசக் கடைசியில் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்து, 'பாவம், இந்தப் புள்ளையா' என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். நல்ல மனுசன் என்று கிருபாவதி நினைத்தாள். நினைத்ததில் தப்பும் இல்லை. ஆனால் கொடுக்கிறவரும் அவரே, கணக்கு வைக்கிறவரும் அவரே, உண்டு இல்லை என்று சொல்கிறவரும் அவரே என்றால், அந்த ஒரு மனுசனின் மனசு எத்தனை நாளைக்கு ஒரே பக்கம் நிற்கும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் எங்கே இருந்தது?

நோட்டுக்குக் காப்புக் கட்டுகிற வழக்கத்தை ஆரம்பித்ததும் அவர்தான். ஆரம்பத்தில் ஒரு வருசம், காப்புக் கட்டியிருந்த ஒருத்திக்கு விரலில் கீறல் பட்டு, கிருபாவதி நோட்டில் எழுதினாள். மறுநாள் அதே மிஷினில் இன்னொருத்திக்கு விரல் நுனி நகத்தோடு போயிற்று. அவ்வளவுதான். ஆத்தாவுக்கு விரதம் இருக்கிறவள் பெயரை ரத்தக் கணக்கில் எழுதினால் ஆத்தா கோபித்துக்கொள்கிறாள் என்று பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அடிபட்டால் முதலுதவி அறைப் பக்கமே வரவில்லை. முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய் மஞ்சளை அப்பினார்கள். ஒருத்திக்குக் கை சீழ் வைத்து வீங்கிவிட்டது. முதலாளியும் அம்மனுக்கு இளவட்ட வயசிலிருந்து காப்புக் கட்டுகிறவர். "சரி, நோட்டுக்கே காப்பக் கட்டிருவோம். தெறந்தாத்தான எழுதணும்? நீ கட்டு மட்டும் போட்டு விடும்மா. திருவிழா முடியவும் எழுதிக்கிறலாம்" என்றார். பெண்கள் திரும்ப வர ஆரம்பித்தார்கள்.

இப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை. திருவிழா முடிந்த மறுநாள் கிருபாவதி கயிற்றை வெட்டி, மனதில் வைத்திருந்த காயங்களையெல்லாம் எழுதுவாள். தேதி? எழுதுகிற நாளின் தேதிதான். காப்பு நாளின் தேதியைத் தங்கள் பெயருக்கு நேரே போட எந்தப் பெண்ணும் ஒத்துக்கொள்ளவில்லை. பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து நோட்டைப் புரட்டிவிட்டு, "என்னம்மா இது, வருசா வருசம் திருவிழா முடிஞ்ச மறுநாள் ஒங்க மில்லுல மட்டும் பேய் அறையுது?" என்பார். முதலாளி அவருக்குக் காபி வரவழைப்பார். அவர் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுப் போவார். எல்லாம் சின்னக் காயம். யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஜக்கம்மா கையைக் கொடுக்கிறவரைக்கும்.

ஜக்கம்மா வீரபாண்டிக்குப் பக்கத்திலிருந்து வருகிறவள். வாய் ஓயாமல் பேசுவாள், மிஷின் இரைச்சலுக்கு மேலே அவள் சத்தம் கேட்கும். மகள் மஞ்சக்காமாலையில் பிழைத்ததற்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்து, அந்த வருசம் காப்புக் கட்டியிருந்தாள். கம்பம் நட்டுச் சில நாள் ஆகியிருந்தது. காலையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பச்சைத்தண்ணி பல்லில் படாமல் வேலைக்கு வருவாள். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் தலை சுற்றியதோ என்னவோ, வலது கை ரோலருக்குள் போய்விட்டது. கட்டிவிட்ட கிருபாவதிக்குப் பார்த்தவுடனே தெரிந்தது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் இனி இல்லை என்று. முதலாளி தன் காரையே கொண்டுவரச் சொன்னார்.

காரில் ஏற்றும்போது ஜக்கம்மா கிருபாவதியின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். வலியில் உதடு வெளுத்திருந்தது. "அக்கா, நோட்டத் தெறந்துராதீக. காப்போட இருக்கேன். எம் பேர எழுதிறாதீக."

"சரி, நீ போ. பேசாத."

"எழுத மாட்டேன்னு சொல்லுங்கக்கா."

"எழுதல. போ."

கார் போனதும் கிருபாவதி முதலாளி அறைக்குப் போனாள். இது கீறல் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். "மொதலாளி, வெரலு தங்காது போலருக்கு. நோட்டத் தெறந்து எழுதிருவமா?" என்று கேட்டாள்.

அவர் அம்மன் படத்தைப் பார்த்தார், நோட்டைச் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார். தன் மணிக்கட்டில் இருந்ததையும் பார்த்திருப்பார். "காப்புக் கட்டினத நடுவுல அவுக்கலாமா? திருவிழா முடியவும் எழுதிக்க. நோட்டு எங்கன ஓடிறப் போகுது? நான் இருக்கேன்ல" என்றார்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருக்கலாம். அன்று அவளுக்கு இடுப்பும் காலும் விட்டுப்போயிருந்தது. கையெல்லாம் ஜக்கம்மாவின் ரத்தம் ஒட்டியிருந்தது. போய்க் கழுவிவிட்டு உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. திருவிழா முடிந்த மறுநாள் கயிற்றை வெட்டி, மற்றக் கீறல்களோடு சேர்த்து ஜக்கம்மாவையும் எழுதினாள். அன்றைய தேதி. ஜக்கம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்று விரல் கையோடு படுத்திருந்தாள். அவளுக்குப் பதிலாக அவள் புருசன் ஒச்சாண்டி போய் ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டு, சட்டி அடுத்த வருசம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஆடி மாதம் முதலாளிக்கு நெஞ்சுவலி வந்து படுத்துவிட்டார். மதுரையிலிருந்து மருமகன் சுந்தர்ராஜ் வந்து மில்லைப் பார்த்துக்கொண்டார். படித்தவர், கெட்டிக்காரர். பருத்தி விலை சரிந்து கிடந்த வருசம். எந்தக் காசு எங்கே போகிறது என்று குடைந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஜக்கம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஜின் ஓட்ட இனி முடியாது, எனக்கு வரவேண்டியதைக் கொடுங்கள் என்று கேட்டாள்.

சுந்தர்ராஜ் காய நோட்டையும், வேலைக்கு வந்தவர்களைக் குறிக்கிற மஸ்டர் ரோலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். கிருபாவதியைக் கூப்பிட்டார்.

"நோட்டுல போட்டிருக்க தேதிக்கு இந்தம்மா வேலைக்கே வரலியே?"

கிருபாவதி சொன்னாள். கம்பம், காப்பு, கயிறு, முதலாளி சொன்னது எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "அப்ப நீங்க எழுதின தேதி பொய்யா?"

"தேதி மட்டும்…"

"ஒரு தேதி பொய்னா எல்லாமே பொய்தானம்மா. இந்த நோட்ட நம்பித்தான் எங்க மாமா இத்தன வருசம் அள்ளிக் குடுத்துருக்காரு. நீங்க சொல்றத நான் ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஊர்ல கால்ல அம்மிக்கல்லு விழுந்தவன்லாம் காப்பு நாள்ல பட்டுச்சுன்னு வந்து நிப்பான்."

பாவி மனுசன், பேச்சில் ஓட்டை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் கை நசுங்கியது என்று இருந்ததே தவிர, எங்கே நசுங்கியது என்று இல்லை. அடிபட்ட அன்றைக்கு மத்தியானம் ஜக்கம்மா பாதி நாளோடு கிளம்பிப்போய் வீட்டு உரலில் கையை விட்டுக்கொண்டாள் என்று சுந்தர்ராஜ் ஒரு கதையை எழுதி வைத்துவிட்டார். கூட நின்று ஓட்டிய பெண்கள் பார்த்தவர்கள்தான். வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. கார் ஓட்டிய டிரைவரும் திறக்கவில்லை. கிருபாவதி முதலாளி வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு, "மாப்ள பாத்துக்கிருவாக" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நான் இருக்கேன்ல என்று சொன்ன மனுசன் இவர்தானா?

யூனியன்காரர் ஒருவர் எழுதிக்கொடுக்க, ஜக்கம்மா மதுரை லேபர் ஆபீசில் மனுப் போட்டாள். கிருபாவதியை மில் நிர்வாகம் முதலுதவி அறையிலிருந்து தூக்கி, கேட்டுக்குப் பக்கத்தில் காலிச் சாக்கு அடுக்குகிற இடத்தில் போட்டது. நின்றுகொண்டே பார்க்கிற வேலை. முழங்கால் ராத்திரியெல்லாம் வலித்தது. ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தினமும் நினைத்தாள். ஜக்கம்மாவுக்காகப் பேசுகிற ஒரே வாய் தன் வாய்தான், மில்லை விட்டுப் போனால் அதுவும் வேலை போன கோபத்தில் பேசுகிற வாயாகிவிடும் என்று இருந்தாள்.

தை மாதம் விசாரணை. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனாள். மில்லின் சாட்சியாகத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள், நோட்டைக் கொண்டுவந்து காட்ட. காட்டிவிட்டு, கேட்காததையும் சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

மில் வக்கீல் எழுந்தார். "நீங்க எந்த மதம்மா?"

"கிறிஸ்தவம்."

"காப்புல ஒங்களுக்கு நம்பிக்க உண்டா?"

"கெடையாதுங்க."

"அப்புறம் எதுக்கு நோட்ட மூடி வச்சீங்க?"

"நம்பிக்க அடிபட்டவளுக்கு இருந்துச்சுங்க. நோட்டு அவளுக்குத்தான."

வக்கீல் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. "நீ சொல்றத வேற யாரும்மா உறுதிப்படுத்துவா?" என்று கேட்டார்.

"மொதலாளிதாங்க. மாசாமாசம் கையெழுத்துப் போட்டது அவுக. மூடச் சொன்னதும் அவுக."

முதலாளிக்கு உடம்பு சரியில்லை, உடனே வரமுடியாது என்றார் வக்கீல். அதிகாரி காலண்டரைப் புரட்டினார். எப்போது வைக்கலாம் என்று பொதுவாகக் கேட்டார். கிருபாவதி தானாகவே சொன்னாள்: "அவுகளுக்குத் தேற நாளாகும்ங்க. சித்திர பாதிக்கு மேல வச்சா நல்லது."

வக்கீலுக்கு ஆச்சரியம், சந்தோஷம். சுந்தர்ராஜ் தலையை ஆட்டினார். அவர் மதுரைக்காரர், அவருக்குச் சித்திரை என்றால் அழகர் ஆற்றில் இறங்குவது. தேதி குறித்தாயிற்று.

பஸ் ஸ்டாண்டில் ஜக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். "நீங்களும் இழுத்தடிக்கிறீகளாக்கா? ஒங்களயும் வாங்கிட்டாகளா?"

"ஏய், வாய மூடு. சித்திர பாதிக்கு மேல என்ன நாளு?"

ஜக்கம்மா யோசித்தாள்.

"காப்புக் கையோட மொதலாளி பொய் சொல்லி நீ பாத்துருக்கியா?" என்றாள் கிருபாவதி.

ஜக்கம்மா பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். உசிலம்பட்டி வந்ததும் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி ஒன்றை அவளிடம் நீட்டினாள்.

சித்திரை வந்தது. கம்பம் நட்டார்கள். மில்லில் வேறு யாரோ நோட்டுக்குக் கயிறு சுற்றி வைத்தார்கள். கேட்டருகே சாக்குகளுக்கு நடுவே நின்ற கிருபாவதி விசாரணை நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்தாவை வைத்து ஒரு மனுசனுக்குக் கண்ணி வைக்கிறோமே, வேதக்காரி செய்கிற வேலையா இது என்று உறுத்தத்தான் செய்தது. உறுத்தட்டும். வேறு வழி எதுவும் அவள் கையில் இல்லை.

அன்றைக்கு மதுரை ஆபீசில் வைகுண்டராஜ் காரிலிருந்து இறங்கியபோது அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. பாதியாக இளைத்திருந்தார். எப்போதும் அரைக்கைச் சட்டை போடுகிறவர், அன்றைக்கு முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருந்தார். சுந்தர்ராஜ் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். உள்ளதைச் சொல்வதாகப் பிரமாணம் எடுக்கக் கையைத் தூக்கச் சொன்னார்கள். இளைத்த கைக்குச் சட்டை தொளதொளவென்று இருந்தது. தூக்கியதும் பொத்தான் கழன்று சரிந்து இறங்கியது.

மணிக்கட்டில் ஒன்றும் இல்லை.

கிருபாவதி பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். இளவட்ட வயசிலிருந்து ஒரு வருசம் விடாமல் கட்டியவர் இந்த வருசம் கட்டவில்லை. எதற்குக் கட்டவில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. இன்றைக்கு இங்கே வந்து இந்தச் சொல்லைச் சொல்லத்தான். அவள் நினைத்ததைப் போலவே அவரும் நினைத்திருக்கிறார். மூணு மாசத்துக்கு மேலாக அவள் பொத்திப்பொத்தி வைத்திருந்தது அவ்வளவும் வீண். இனி அவர் வாயில் எது வேண்டுமானாலும் வரும். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும் போல அலுப்பாக இருந்தது.

அதிகாரி கேட்டார்: "அந்தப் பொம்பளைக்கு அடிபட்ட அன்னிக்கு நோட்டு மூடி இருந்துச்சா, தெறந்து இருந்துச்சா?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "நோட்டு…" என்றார்.

"மொதலாளி."

ஜக்கம்மாதான். யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை. எழுந்து நின்றிருந்தாள். அவள் கண் அவருடைய மணிக்கட்டிலேயே இருந்தது. "என்ன மொதலாளி, காப்புக் கட்டலியா? வீட்டுல யாரும் தவறிட்டாகளா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. கிருபாவதிக்கு அவளைத் தெரியும், அவளுக்கு அந்த மாதிரிப் பேச்சு வராது. வீட்டில் சாவு விழுந்து தீட்டு இருந்தால்தான் வைகுண்டராஜ் நாடார் காப்புக் கட்டமாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்த கணக்கு. வேறொரு காரணம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நிசமாகவே பதறிப்போய்க் கேட்டாள். அவள் வலது கையில், இருக்கிற மூன்று விரலுக்குப் பின்னால், போன வருசத்து நேர்த்திக்கடனுக்காக இந்த வருசம் கட்டிய மஞ்சள் கயிறு இருந்தது.

"உக்காரும்மா" என்றார் அதிகாரி.

அவள் உட்கார்ந்தாள். வைகுண்டராஜ் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடப் பார்த்தார். பொத்தான் போட வரவில்லை. விட்டுவிட்டார்.

"யாரும் சாகலம்மா" என்றார் அவளிடம். அப்புறம் அதிகாரியைப் பார்த்தார். "நோட்டு மூடித்தான் இருந்துச்சுங்க. நான்தான் மூடச் சொன்னேன். அந்தப் புள்ளைக்கு எம் மில்லுலதான் அடிபட்டுச்சு. எங் கார்லதான் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. கிருபாவதி தெறந்து எழுதணும்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னேன்."

"மாமா" என்றார் சுந்தர்ராஜ்.

"சும்மா இருங்க மாப்ள. நான் குடுக்க வேண்டியதக் குடுத்துர்றேன்."

வக்கீல் காகிதக் கட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார். அதிகாரி எழுத ஆரம்பித்தார். ஜக்கம்மாவுக்கு என்ன நடந்தது என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. கிருபாவதியின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். அவள் அழவில்லை. கிருபாவதிதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வராந்தாவில் முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிருபாவதி பக்கத்தில் வந்ததும், "சித்திரையில வைக்கச் சொன்னது நீதான?" என்றார்.

"ஆமா மொதலாளி."

"நெனச்சேன். மாப்ளைக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சிருச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "கம்பத்துக்குத் தண்ணி ஊத்தப் போகாம வீட்டுக்குள்ளயே கெடந்தேன் பாத்துக்க. எங்க வீட்ல கேட்டா, ஒடம்புக்கு முடியலன்னுட்டேன்."

அவள் திட்ட வேண்டும் என்று இத்தனை மாசம் சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் எங்கோ போய்விட்டது. பின்னாலிருந்து ஜக்கம்மா சொன்னாள்: "இன்னும் நாளு கெடக்கு மொதலாளி. இப்பக்கூடப் போயிக் கட்டிக்கிறலாம்."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று தெரியவில்லை. "நாளைக்கு ஒன் ரூமுக்குப் போ" என்றார் கிருபாவதியிடம். "நோட்டுல கெடக்க கயித்த வெட்டிரு. இனிமே அதுக்கு வேண்டாம்."

மறுநாள் கட்டுத்துணி வெட்டுகிற கத்தரியால் கயிற்றை வெட்டினாள். பழைய பக்கத்தைத் தேடி, ஜக்கம்மாவின் வரியில் தேதியை அடித்து, சரியான தேதியைப் போட்டாள். முதலாளி வீட்டுக்கு ஆள் அனுப்பி அதற்கு நேரே கையெழுத்து வாங்கினாள். புதுப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒருத்தியும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நோட்டுத் திறந்து கிடக்கிறது என்று மில் முழுக்கத் தெரிந்திருந்தது. ஒருத்திக்கும் அடிபடாமலா இருக்கும்? அவள் என்ன நேற்று வந்தவளா? டிங்சர் பாட்டிலையும் துணியையும் எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்து, ஜின் ஓடுகிற கொட்டகைக்குள் போனாள். ஒவ்வொரு மிஷினாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கடைசி வரிசையில் சின்னவயசுப் பெண் ஒருத்தி இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் பருத்தி தள்ளிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் புதுக் கயிறு.

"கையக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா."

"காட்டுங்கிறேன்."

முந்தானையில் சிவப்பு ஊறியிருந்தது. அந்தப் பெண் பின்னால் நகர்ந்தாள். "எழுதுவீகளா?"

கிருபாவதிக்குப் பொய் சொல்லக் களைப்பாக இருந்தது. "எழுதுவேன்" என்றாள்.

பெண் மாட்டேன் என்று தலையாட்டினாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பஞ்சிலிருந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த ஜக்கம்மா எழுந்து வந்தாள். ஜின் ஓட்ட ஆகாதவளுக்கு முதலாளி அந்த வேலையைக் கொடுத்திருந்தார். காப்புக் கட்டிய அந்த மூன்று விரல் கையால் பெண்ணின் முந்தானையை விலக்கினாள்.

"காட்டுடி" என்றாள். "அக்கா எழுதட்டும்."